கடன் நிர்வாகத் திட்டத்தில் சேரலாமா? ஏகேபிகே சேவையைப் பற்றி ஒரு பினாங்கு குடும்பத்தின் மதிப்பீடு

பல வங்கிக் கடன்களைக் கட்ட முடிந்த ஒரே மாதத் தவணையாக மாற்றியமைக்கும், மலேசியாவின் ஏகேபிகே நிறுவனத்துடைய கடன் நிர்வாகத் திட்டம் என்றதும் நம்மவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை நினைக்கிறார்கள். ஒன்று, அரசாங்கம் நம் கடனைத் தள்ளுபடி செய்யப் போகிறது என்பது. மற்றொன்று, திவாலானவர்களின் பட்டியலில் நம் பெயரும் சேரப் போகிறது என்பது. இரண்டுமே தவறு என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் நாங்கள் போட்ட கணக்கு, போன இடங்கள், ஏமாந்த தொகை எல்லாவற்றையும் சேர்த்தே இந்தச் சேவையை மதிப்பிட விரும்புகிறேன். திட்டத்தின் நன்மை தீமையை அதன் விளம்பரத் தாளைப் படித்து மட்டும் எடைபோட முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி பட்டர்வொர்த்தில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை செய்கிறார். ஓவர்டைம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் பிடித்தம் போக என் கைக்கு 4,500 ரிங்கிட் வரை வந்தது. மனைவியின் 1,600 ரிங்கிட்டையும் சேர்த்தால் 6,100. தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதும் என் சம்பளம் 3,300 ஆகிவிட்டது. கடனோ அப்படியே இருந்தது: மூன்று கிரெடிட் கார்டுகளில் 28,400, ஒரு தனிநபர் கடனில் 21,600, ஆக மொத்தம் 50,000 ரிங்கிட். கார்க் கடன் தனி.

கார்டின் குறைந்தபட்சத் தவணை பாக்கித் தொகையில் 5 விழுக்காடு என்பதால், மூன்றுக்கும் சேர்த்து மாதம் 1,420 ரிங்கிட் கட்ட வேண்டியிருந்தது. தனிநபர் கடனுக்கு 612. அந்த 1,420-இல் வட்டிக்குப் போனது 426 ரிங்கிட்தான். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் ஒன்றரை விழுக்காடு; கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் மாதந்தோறும் அசலில் ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட் குறைந்திருக்க வேண்டுமே, ஏன் குறையவில்லை? ஏனென்றால் தவணையைக் கட்டிய பிறகு வீட்டில் அரிசி வாங்கக் காசில்லை. மாதத்தின் மூன்றாவது வாரத்தில் அதே கார்டைப் பேரங்காடியில் தேய்ப்போம். நான்காவது வாரத்தில் அதே கார்டிலிருந்து ரொக்கம் எடுப்போம், அதற்கு 5 விழுக்காடு கட்டணம் வேறு. குறைந்தபட்சத் தவணையைப் பழிப்பது எளிது. ஆனால் எங்களைக் கவிழ்த்தது கட்டிய பணத்தையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்த எங்கள் பழக்கம். திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை இந்த ஒரு புள்ளிதான் கடைசியில் முடிவு செய்தது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஏகேபிகே-க்குப் போவதற்கு முன்னால் நான் ஒரு தவறு செய்தேன். முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளைச் செபராங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில் சந்தித்தேன். எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருவதாகவும், சிசிரிஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையைச் ‘சுத்தம்’ செய்து புதிய கடனும் வாங்கித் தருவதாகவும் அவர் சொன்னார். தே தாரிக்குக் காசு அவரே கொடுத்தார். முன்பணமாக 1,500 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்துக்குப் பின் அந்தக் கைப்பேசி எண் உயிரோடு இல்லை. சிசிரிஸ் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே நடத்தும் கடன் தகவல் அமைப்பு. அதில் கடந்த 12 மாதங்களில் நாம் தவணை கட்டிய வரலாறு வங்கிகள் அனுப்பியபடி வரிசையாக நிற்கும். அதை இடைத்தரகர் எவரும் துடைக்க முடியாது என்பதை அந்த 1,500 ரிங்கிட் கொடுத்துத்தான் நான் கற்க வேண்டியிருந்தது. அதே அறிக்கையைக் காசு எதுவும் கொடுக்காமல் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

ஏகேபிகே என்று நாம் சுருக்கமாகச் சொல்வது பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டு தொடங்கிய கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம். தனிநபர்களுக்கு நிதி ஆலோசனை, பண நிர்வாகக் கல்வி, கடன் நிர்வாகத் திட்டம் ஆகிய மூன்றையும் கட்டணமின்றித் தருகிறது. முன்பணம், பதிவுக் கட்டணம், கமிஷன் எதுவும் கிடையாது. இதன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அவர் வேறு ஆள் என்று கொள்ளலாம்.

முன்பதிவு செய்துகொண்டு நானும் மனைவியும் போனோம். அடையாளக் கார்டு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாக் கடன்களின் அறிக்கைகள், மின்சார, தண்ணீர், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு எடுத்துச் சென்றிருந்தோம். பேச்சு மலாயில் நடந்தது. ‘ஏன் இவ்வளவு கடன் வாங்கினீர்கள்?’ என்ற கேள்வியோடுதான் தொடங்குவார்கள் என்று நான் பயந்துகொண்டே போனேன். அந்தக் கேள்வி கடைசி வரை வரவில்லை. ஆலோசகர் ஒரு படிவத்தை எடுத்து, வீட்டு வாடகையிலிருந்து தொடங்கினார். வாடகை 750, சாப்பாட்டுச் செலவு 1,200, பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வேன் கட்டணமும் 380, பெட்ரோல் 350, கட்டணச் சீட்டுகள் 320, அம்மாவுக்கு 200 என்று எழுதிக்கொண்டே வந்தார். பினாங்குப் பாலத்தில் மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதால் நான் வேலைக்கு மோட்டார்சைக்கிளிலேயே போய் வருவதாகச் சொன்னேன். அதையும் ஓரத்தில் குறித்தார்.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் எங்களுக்குப் புதிது. தீபாவளிக்கு எவ்வளவு செலவாகும்? தைப்பூசத்துக்கு எவ்வளவு? சாலை வரியும் காப்புறுதியும் எந்த மாதத்தில் வரும்? பள்ளி திறக்கும்போது சீருடை, காலணிக்கு எவ்வளவு? நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல, எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் ஆயிற்று. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 250 என்று எழுதினார். இத்தனை ஆண்டுகளாக இந்த 3,000-ஐ நாங்கள் கார்டில்தான் போட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆண்டுதோறும் தேதி தவறாமல் வரும் தீபாவளியைத் திடீர்ச் செலவு என்று எண்ணியிருக்கிறோம் பாருங்கள்.

படிவம் முடிகிற நேரத்தில், ‘வேறு ஏதாவது மாதாமாதம் வெளியே போகிறதா?’ என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பலர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு கட்டுவதாகச் சொன்னார். மாதம் 100 ரிங்கிட். தன் முறை வந்து பணத்தை எடுத்து மகளுக்கு மடிக்கணினி வாங்கியாகிவிட்டது. இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். மடிக்கணினியை அவருடைய அண்ணன் வாங்கிக் கொடுத்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். கூட்டுப் பிடிப்பதற்கு 1971-ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்தும் நம் பெண்கள் கூட்டு கட்டாத குடியிருப்புத் தாமான் உண்டா? ஆலோசகர் முகம் சுளிக்காமல் நூறு ரிங்கிட்டை எழுதிக்கொண்டார். எந்த வரிசையில் எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

கார்த் தவணை 540-ஐயும் சேர்த்து, கூட்டு இல்லாமல் மாதச் செலவு 3,990, கூட்டோடு 4,090. வருமானம் 4,900. மிஞ்சுவது 810 ரிங்கிட். கட்ட வேண்டிய தவணையோ 2,032. ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் நான்கு மாதக் குழப்பம் ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. திட்டத்தில் சேராதவர்களுக்கும் இந்த ஆலோசனை உண்டு என்பதால், இந்தச் சேவையில் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், கடன் திட்டத்தைவிட இந்த ஒன்றரை மணி நேரத்தையே சொல்வேன்.

திட்டம் செயல்படும் விதம் சிக்கலானது அன்று. செலவு போக உபரி இருப்பவர்கள், திவாலாக அறிவிக்கப்படாதவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். உபரியே இல்லாதவருக்கு இத்திட்டம் வழிவிடாது. கட்டுவதற்கு ஏதாவது இருந்தால்தான் வங்கிகளிடம் பேச முடியும். ஆலோசகர் தயாரிக்கும் திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டை வங்கிகளுக்கு அனுப்பி அவற்றின் சம்மதத்தைப் பெறுகிறார்கள். வட்டி விகிதமும் தவணைக் காலமும் மாற்றியமைக்கப்படுகின்றன. அதற்குப் பின் பல வங்கிகளுக்குத் தனித்தனியாகக் கட்டாமல் ஒரே தொகையை மாதந்தோறும் ஏகேபிகே வழியாகச் செலுத்துகிறோம், அது வங்கிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கார்டுகளை ரத்து செய்ய வேண்டும். திட்டத்தில் இருக்கும் வரை புதிய கடன் வாங்குவதை மறந்துவிட வேண்டும். தவணையைத் தொடர்ந்து தவறவிட்டால் திட்டம் கலைந்து, வங்கிகள் பழையபடி நேரடியாக நம்மிடம் வரும்.

எங்களுக்கு அமைந்த ஏற்பாடு மாதம் 755 ரிங்கிட், 84 மாதம். கேட்டதும் மனைவியின் முகம் தெளிந்தது; என் மனத்தில் பெருக்கல் ஓடியது. 755-ஐ 84-ஆல் பெருக்கினால் 63,420. ஐம்பதாயிரம் கடனுக்கு 13,420 ரிங்கிட் வட்டி, ஏழு ஆண்டு. இதோடு நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட மற்றொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். மூன்று கார்டுகளையும் அன்றே வெட்டிப் போட்டுவிட்டு, அதே 1,420 ரிங்கிட்டைத் தொகை குறைக்காமல் மாதந்தோறும் கட்டினால், 18 விழுக்காடு வட்டியிலும் அந்த 28,400 ரிங்கிட் கடன் 24 மாதத்தில் தீர்ந்துவிடும். கட்டும் மொத்தம் ஏறத்தாழ 34,000. வட்டி 5,600 சொச்சம். ஆகவே, கட்டக்கூடியவர்களுக்கு இந்தத் திட்டம் மலிவானது அன்று. அவர்கள் இதில் சேரக் கூடாது என்றே சொல்வேன். குறைந்த வட்டி என்ற சொல்லைக் கேட்டு மயங்காமல், எத்தனை மாதம் என்பதைக் கேட்க வேண்டும். எங்களிடம் 1,420 இல்லை; 810-தான் இருந்தது. மலிவான வழி எங்களால் நடக்க முடியாத வழியாக இருந்தபடியால், நடக்க முடிந்த வழிக்கு விலை கொடுத்தோம்.

எங்களைச் சேரவிடாமல் சில வாரங்கள் தடுத்ததும், பின்னர் அவசரப்படுத்தியதும் பயம்தான். ஒரு வங்கியின் வசூல் பிரிவிலிருந்து நாளொன்றுக்கு நான்கு முறை அழைத்தார்கள். அதில் ஒருவர் ‘பேங்க்ரப்ட் ஆகிவிடுவீர்கள்’ என்று சொன்னதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை. உண்மையில் திவால் மனு தாக்கல் செய்வதற்கான கடன் வரம்பு 30,000 ரிங்கிட்டாக இருந்து, 2017-இல் 50,000 ஆகி, கோவிட் காலத்தில் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டுப் பின்னர் அப்படியே நிலைபெற்றது. கடன் கொடுத்தவர்கள் பலர் சேர்ந்து மனு போடலாம் என்றாலும், எங்கள் 50,000 அந்த வரம்பில் பாதிதான். வங்கி சிவில் வழக்குத் தொடர்ந்து தீர்ப்பு வாங்கலாம், அது வேறு. ஆனால் திவாலுக்குப் பயந்து மட்டும் கையெழுத்துப் போட வருகிறவர்கள் முதலில் தங்கள் மொத்தக் கடனை அந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காரைப் பற்றிய பயத்துக்கு நியாயம் அதிகம்: வாடகைக் கொள்முதல் சட்டப்படி, இரண்டு மாதத் தவணை தொடர்ந்து நின்றாலே முறையான அறிவிப்புக்குப் பிறகு காரை இழுத்துச் செல்ல நிதி நிறுவனத்துக்கு உரிமை வந்துவிடுகிறது; விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதனால் கார்டுக்குக் கட்டுவதற்காகக் கார்த் தவணையை நிறுத்திவைக்கும் வழக்கம் மிக ஆபத்தானது. நாங்களும் ஒரு மாதம் அதைச் செய்தோம்.

என் மச்சானின் நிலைமை வேறு. இந்தத் திட்டம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு அவரையே சொல்லலாம். அவருக்கு ஒரே கார்டில் 11,000 ரிங்கிட் கடன், சம்பளம் குறையவில்லை, பிறையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். நான் சேர்ந்ததைப் பார்த்து அவரும் கிளம்பினார். நான்தான், ‘மச்சான், வீட்டுக் கடன் கேட்கிற வரைக்கும் பொறுங்கள்’ என்று தடுத்தேன். திட்டத்தில் இருப்பது சிசிரிஸில் தெரியும். புதிய கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வராது. அவர் தன் வங்கியிடமே நேரில் போய்க் கார்டு பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேட்டு, மூன்று ஆண்டில் கட்டி முடிக்கும்படி வாங்கிக்கொண்டார். 2020-இல் கோவிட் வந்தபோது, மாத வருமானம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்து கார்டு கட்ட முடியாமல் போனவர்களின் பாக்கியை 13 விழுக்காட்டுக்கு மேற்படாத வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக மாற்ற பேங்க் நெகாரா ஏற்பாடு செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரே வங்கி, ஒரே கடன் என்றால் இப்படி நேராகப் பேசிப் பார்ப்பதே முதல் படி.

இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமே என்று வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். 2024 மே மாதத்திலிருந்து வந்துள்ள நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியும்தான். 2024-ஆம் ஆண்டின் இபிஎஃப் லாப ஈவு 6.30 விழுக்காடு, கார்டு வட்டி 18. கணக்குப்படி பெரியவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த நெகிழ்வுக் கணக்கில் எனக்கு இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம். பழக்கம் மாறாமல் அதைக் கட்டினால் அதையும் கார்டு இரண்டு மாதத்தில் திரும்ப விழுங்கிவிடும் என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. தொடாமல் விட்டோம்.

திட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் உள்ள நிதி நிறுவனங்களின் கடனுக்காக ஏற்பட்டது இது. ஆலோங் எனப்படும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் வாங்கியவர்களுக்கு இங்கே வழி கிடையாது. உறவினரிடம் கைமாற்றாக வாங்கியது, கூட்டு எல்லாம் நம் பொறுப்புதான். எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கிக் கடன்களை இத்திட்டத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, பள்ளிவாசல் எதிரே சுவரொட்டி ஒட்டியிருந்த வட்டிக்காரனுக்கு மாதாமாதம் கட்டுவதைப் படிவத்தில் சொல்லாமல் மறைத்தார். ஐந்தாவது தவணையிலேயே கை நின்றுவிட்டது. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர்கூடப் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கும் நாட்டில், அவர் வாரத்துக்குப் பத்து விழுக்காடு கொடுத்துக்கொண்டிருந்தார். அதை ஆலோசகரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாததால் ஆனது இது.

திட்டத்துக்குள் வாழ்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆறு மாதம் கடினம். கார்டு இல்லாத பர்ஸ் இலேசாகத்தான் இருக்கிறது, ஆனால் பழுதான மோட்டார்சைக்கிளைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சம்பள நாள் வரைக்கும் காத்திருந்த வாரத்தில் அந்த இலேசு இனிக்கவில்லை. உபரியில் 755 போக மிஞ்சியது 55 ரிங்கிட். இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு மாதத் தொகையை அமைத்துக் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். காலம் நீண்டாலும் மூச்சு விட முடிந்திருக்கும். ஏற்பாட்டை ஏற்றுக்கொள்வதற்கு முன் இதை நீங்கள் கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. மறுபுறம், வசூல் அழைப்புகள் நின்றன. இரவு உணவின்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை.

கணவன் மனைவி இருவருமாகப் போகும்படி நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் அந்தக் கூட்டுப் பணம்தான். நான் மட்டும் போயிருந்தால் உபரி 910 என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருப்பேன், முதல் மாதத்திலிருந்தே நூறு ரிங்கிட் எங்கே போகிறது என்று வீட்டில் சண்டை நடந்திருக்கும். இதுவரை 14 தவணை கட்டியிருக்கிறோம். கூட்டு முடிந்த மாதத்திலிருந்து அந்த நூறு ரிங்கிட்டை மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவருகிறார்; மூடியின் மேல் ‘ரோட் டேக்ஸ்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது.